நத்தாருக்கு வீட்டிலேயே சொக்லேட் பார்: கொழும்புச் சூட்டில் ஒழுங்காக வர என்ன வழி?

வெள்ளவத்தை நிலா | டிசம்பர் 2, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கேள்விக்கு வருமுன் போன வருடக் கதையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஒரு தொடர்மாடி. பழகுகிற வீடுகள் 11. நத்தார் என்றால் நாலு வீட்டிலிருந்து கேக்கும் பால் டொஃபியும் பற்றிஸுமாகத் தட்டு வரும். பெருநாளுக்கு எதிர் வீட்டு வட்டிலப்பம். தீபாவளிக்கு எங்கள் முறுக்கும் பயற்றம் பணியாரமும் எல்லா வீட்டுக்கும் போகும். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது என்பது அம்மம்மா காலத்துப் பழக்கம். அதனால் டிசம்பரில் திரும்பிப் போகிற தட்டில் பிள்ளைகளே கையால் செய்த ஏதாவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. என் மகள், தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேர், 7 வயதிலிருந்து 13 வரை. பள்ளிக்கூட லீவு வேறு. சொக்லேட் என்று சொன்னதுதான், மூன்று பேரும் குசினியை விட்டு நகரவில்லை.

கேக் சாமான் கடையில் டார்க் சொக்லேட் கட்டி ஒரு கிலோ வாங்கினோம். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்கு மேல் கிண்ணத்தை வைத்து உருக்கி, சிலிக்கோன் அச்சில் ஊற்றி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் எடுக்கும்போது வடிவாகத்தான் இருந்தது. மினுங்கல் பேப்பரில் சுற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கீழ் வீட்டு அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, இதில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது போல, மற்ற வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடு" என்றார். பார்த்தால் மேலெல்லாம் சாம்பல் நிறத் திட்டு. கையில் எடுத்தால் விரல் பதிகிறது. மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுடைய முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த முறை 24 பார் செய்ய வேண்டும். என்ன பிழை விட்டோம்? கொம்பவுண்ட் சொக்லேட்டுக்கு மாறிவிடலாமா? வீட்டில் ஒரு அறையில் மட்டும்தான் ஏசி இருக்கிறது.

மாவும் முட்டையும் | டிசம்பர் 2, இரவு 10.05

கொம்பவுண்டுக்கு மாறுங்கள் அக்கா. உருக்கு, ஊற்று, முடிந்தது. ஓடருக்கு கேக் செய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பாவிக்கிறார்கள். இந்தச் சூட்டுக்கு அதுதான் தாங்கும்.

கொட்டாஞ்சேனை அன்ரி | டிசம்பர் 2, இரவு 10.31

தம்பி சொல்வது கேக்குக்கு மேல் ஊற்றச் சரி. பாராகக் கொடுப்பதென்றால் நான் சம்மதிக்க மாட்டேன். கொம்பவுண்டில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகப் பாமாயில் வகைத் தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிப் போடுகிறார்கள், அதனால்தான் அது சூட்டில் நிற்கிறது, அதே காரணத்தால்தான் வாயில் போட்டாலும் கெதியில் கரையாமல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஒரு பேரப்பிள்ளை கொண்டுவந்து தந்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவேன், ஆனால் இரண்டாவது துண்டுக்குக் கை போகாது. நல்ல சொக்லேட் நாக்கில் வைத்ததும் உருகி ஓட வேண்டும்.

பிள்ளை, வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ பட்டர் என்று மட்டும் இருந்தால் அது சரியான சாமான். தாவர எண்ணெய், பாம் கேர்னல் என்று எழுதியிருந்தால் கொம்பவுண்ட். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலக்கிற யோசனையும் வேண்டாம், இரண்டு கொழுப்பும் ஒன்றோடொன்று சேராது, கலவை பிசுபிசுத்துப் போய்த் திரும்பவும் அந்தச் சாம்பல் நிறம்தான் வரும்.

தெஹிவளை அப்பா | டிசம்பர் 3, காலை 5.50

நிலா தங்கச்சி, முதலில் மகளிடம் சொல்லுங்கள், அது பூஞ்சணம் இல்லை. கொக்கோ பட்டர் உள்ளேயிருந்து மேலே வந்து படிந்திருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. நீங்கள் சொக்லேட்டைப் பழுதாக்கவும் இல்லை, உருக்கியதை ஒழுங்காக உறைய விடவில்லை.

நானும் என் இரண்டு மகள்மாரும் அவர்களுடைய அப்பப்பாவும் ஆறு வருடமாக டிசம்பரில் இதைச் செய்கிறோம். முதல் இரண்டு வருடமும் எங்களுக்கும் இதே சாம்பல்தான். பிறகு இருந்து படித்து, தெர்மோமீட்டர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினோம். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

கொக்கோ பட்டர் ஆறு விதமான படிகமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது படிகம் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. அது உருகுவது ஏறக்குறைய 34 பாகையில், அதனால் கொழும்பு வெயிலில் அறைக்குள் 30, 31 பாகை இருந்தாலும் கட்டியாக நிற்கும், 37 பாகை இருக்கிற வாய்க்குள் போனதும் உருகும். டக்கென்று முறிகிற சத்தமும் மினுக்கமும் அந்தப் படிகத்தால் வருபவை. முதல் நாலு விதமும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். சும்மா உருக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் பல விதமும் கலந்து அவசரமாக உறைந்துவிடும், வெளியே எடுத்து இரண்டு நாள் எங்கள் சூட்டில் இருந்ததும் அவை குலைந்து கொழுப்பு மேலே வரும். ஐந்தாவது படிகத்தை மட்டும் வரவைக்கிற வேலைக்குத்தான் டெம்பரிங் என்று பெயர். குளிர் நாட்டில் அறையே 20 பாகையில் இருப்பதால் கொஞ்சம் அசட்டையாகச் செய்தாலும் தப்பிவிடும். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை, ஒவ்வொரு பாகையும் கணக்கு.

நாங்கள் செய்கிற விதம் இது. ஒரு கிலோ டார்க் சொக்லேட்டை மெல்லியதாகச் சீவி, 700 கிராமை ஒரு கிண்ணத்திலும் 300 கிராமைப் புறம்பாகவும் வைக்க வேண்டும். அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் நெருப்பை அணைத்துவிட்டு, கிண்ணத்தின் அடி தண்ணீரில் படாத மாதிரி மேலே வைத்து 700 கிராமையும் உருக்குங்கள். 45 பாகை வந்ததும் இறக்கிவிட வேண்டும், 50ஐத் தாண்டவிடக்கூடாது. இறக்கியதும் கிண்ணத்தின் அடியைத் துணியால் ஒற்றித் துடையுங்கள், ஆவித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் எல்லாம் மண் மாதிரி இறுகிப் போகும். அப்புறம் புறம்பாக வைத்த 300 கிராமில் ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சீவல் ஏற்கெனவே நல்ல படிகமாக இருக்கிறது, அது உறைமோர் மாதிரி, மற்றதையும் தன் வழிக்குக் கொண்டுவரும். 32 பாகைக்கு இறங்கும்போது இரண்டு மூன்று சீவல் கரையாமல் மிதந்தால் சரி, எடுத்துவிடுங்கள். 31க்கும் 32க்கும் நடுவில் நின்றால் ஊற்றலாம். பால் சொக்லேட் என்றால் 29, 30. 34க்கு மேல் ஏறிவிட்டால் நல்ல படிகமும் உருகிவிடும், திரும்பவும் கொஞ்சம் சீவல் போட்டு இறக்க வேண்டியதுதான்.

இங்கே 45இலிருந்து 32க்கு இறங்க 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், கை வலிக்கும், அதற்குத்தான் குடும்பம். எங்கள் வீட்டில் அப்பப்பா சீவுவார், காய்கறி நறுக்கிப் பழகிய கை, அவ்வளவு மெல்லியதாக எனக்கு வராது. நான் அடுப்பு. பெரியவள் கிளறுவாள். சின்னவள் கையில் தெர்மோமீட்டர், அவள் ஒவ்வொரு பாகையாகச் சத்தமாக வாசிப்பாள், 33 என்றதும் எல்லோரும் மூச்சுவிடாமல் நிற்போம்.

ஊற்றுவதற்கு முன்பு ஒரு சோதனை உண்டு, இதை மட்டும் தவறவிட வேண்டாம். சமையல் கத்தியின் நுனியைச் சொக்லேட்டில் தோய்த்து எடுத்து மேசையில் வையுங்கள். 5 நிமிடத்தில் மினுக்கத்தோடு உறைந்து, விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் டெம்பர் பிடித்துவிட்டது. கோடு கோடாக மங்கலாக இருந்தாலோ ஈரமாகவே கிடந்தாலோ ஊற்றாதீர்கள், இன்னும் கொஞ்சம் சீவல் போட்டுக் கிளறுங்கள்.

நாங்கள் விடிய நாலரைக்குத் தொடங்குவோம். டிசம்பர் மாத விடியலில் கொழும்பு 23, 24 பாகைக்கு இறங்குகிறது, வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். இப்போதும் அடுப்படியில் இருந்துதான் எழுதுகிறேன், இந்த வருடத்துக்கான ஒத்திகை நடக்கிறது.

வெள்ளவத்தை நிலா | டிசம்பர் 3, காலை 8.15

அண்ணா, மகளை எழுப்பி வாசித்துக் காட்டினேன். "அப்ப அது பழுதில்லையா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

இரண்டு சந்தேகம். ஃபிரிட்ஜே கூடாதா? சிலிக்கோன் அச்சு போதுமா, வேறு வாங்க வேண்டுமா?

தெஹிவளை அப்பா | டிசம்பர் 3, காலை 8.40

ஃபிரிட்ஜ் 15 நிமிடம் மட்டும். உறையும்போது சொக்லேட் தானாகக் கொஞ்சம் சூட்டை வெளிவிடும், எங்கள் அறைச் சூட்டில் அது போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், அதனால் ஊற்றி ஓரம் மங்கத் தொடங்கியதும் மேல் தட்டில் 15 நிமிடம் வைத்து எடுத்து, பிறகு ஏசி அறையில் 22 பாகையளவில் விட்டுவிடுங்கள். இரவு முழுக்க வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரக்காற்று பட்டு வேர்க்கும், அந்தத் தண்ணீர் சீனியைக் கரைத்து மேலே சொரசொரப்பாகக் காயவிடும். அது இன்னொரு வகைச் சாம்பல். அதோடு நேற்று வைத்த மீன் குழம்பின் வாசத்தையும் சொக்லேட் உறிஞ்சிக்கொள்ளும்.

அச்சு என்றால் கெட்டி பிளாஸ்டிக்கில் கண்ணாடி மாதிரி வருகிறதே, பொலிகாபனேட், அதை வாங்குங்கள். டெம்பர் சரியாக இருந்தாலும் முழு மினுக்கத்துக்கு அச்சும் மினுங்க வேண்டும், சிலிக்கோன் மங்கலாகவே தரும். ஊற்றுமுன் பஞ்சால் வடிவாகத் துடையுங்கள். ஊற்றியதும் மேசையில் பத்துத் தரம் தட்டுங்கள், குமிழி எல்லாம் மேலே வரும். டெம்பர் பிடித்த சொக்லேட் உறையும்போது சுருங்கும், அச்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் காற்றுப் புகுந்து வெண்புகை மாதிரித் தெரியும், கவிழ்த்ததும் கலகலவென்று தானாக விழும். என் பிள்ளைகள் காத்திருப்பது அந்தச் சத்தத்துக்குத்தான்.

பம்பலப்பிட்டி 04 | டிசம்பர் 3, மதியம் 1.20

மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் கனடா, லண்டனிலிருந்து சொந்தக்காரர் வரப்போகிறார்கள், ஒவ்வொரு வீட்டு ஃபிரிட்ஜும் வெளிநாட்டுச் சொக்லேட்டால் நிரம்பி வழியும். அதற்குப் பக்கத்தில் இதை யார் எடுத்துச் சாப்பிடுவார்கள்? கொக்கோ விலையும் சும்மாவா ஏறியது, 2024 டிசம்பரில் நியூயோர்க் சந்தையில் ஒரு தொன் 12,000 டொலரைத் தாண்டியது, ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் விழுந்ததால். அந்தக் காசுக்குப் பெரிய கேக்காகவே வாங்கிக் கொடுத்துவிடலாமே.

கொட்டாஞ்சேனை அன்ரி | டிசம்பர் 3, மாலை 4.02

மகன், நான் 40 வருடமாக நத்தார்த் தட்டு அனுப்புகிறவள். 2022இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஓகஸ்டில் வெளிநாட்டுச் சொக்லேட் இறக்குமதியையே நிறுத்தினார்கள், கேக்குக்குப் பட்டரும் முட்டையும் வாங்க வழியில்லை. அந்த நத்தாருக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரர் கச்சானையும் சீனியையும் காய்ச்சி அலுவா மாதிரி வெட்டி ஆறு துண்டு அனுப்பினார்கள், மற்றொரு வீட்டில் வெறும் வாழைப்பழம். அந்த ஆறு துண்டும் எந்தத் தட்டில் வந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். போன வருடம் லண்டனிலிருந்து வந்த பெட்டி என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது.

வாங்கிக் கொடுப்பது பிழை இல்லை, நானும் வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை விடிய எழும்பிச் செய்து, கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் அதைச் சாப்பிடாமல் எந்த வீட்டிலும் ஃபிரிட்ஜில் போடமாட்டார்கள்.

பம்பலப்பிட்டி 04 | டிசம்பர் 3, மாலை 4.30

சரி அன்ரி, அது உண்மைதான்.

மாத்தளை மிளகுக்கொடி | டிசம்பர் 3, இரவு 8.48

நான் வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன், வீடு மாத்தளை. எங்கள் தோட்டத்தில் தென்னைக்குக் கீழே மிளகும் கொக்கோவும் நிற்கின்றன. கண்டி, மாத்தளை, குருநாகல் பக்கம் அப்படிப் பல தோட்டங்கள். கொக்கோக் காய் நுனிக் கொப்பில் தொங்காது, அடிமரத்திலும் பெரிய கொப்புகளிலும் ஒட்டிக் காய்க்கும். பழுத்ததை வெட்டினால் உள்ளே வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்புமாக மங்குஸ்தான் மாதிரி. சின்ன வயதில் சதையைச் சூப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவோம், அந்தக் கொட்டைதான் சொக்லேட் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவோடு சேர்ந்து கொட்டையிலிருந்தே செய்து பார்த்தோம். வாழையிலையால் மூடி 6 நாள் புளிக்க வைத்து, இடையிடையே புரட்டி, ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, தாச்சியில் கச்சான் வறுப்பது போல நிதானமாக வறுத்து, தோலை உடைத்துச் சுளகில் புடைத்தோம். அரைக்க இட்லி மா அரைக்கிற கிரைண்டர். தண்ணீர் ஒரு துளியும் படக்கூடாது, கல்லை முதல் நாளே வெயிலில் வைத்து எடுத்தோம். தொடங்கும்போது வறுத்த பொடி மாதிரிச் சுற்றும், அரை மணித்தியாலத்தில் கொட்டையில் இருக்கிற கொழுப்பே விட்டுக்கொடுத்துக் குழம்பாகிவிடும். பிறகு சீனி. நாக்குக்குத் துகள் தெரியாமல் போக ஒரு முழு நாளுக்கு மேல் ஓடவிட்டோம். மெக்சிக்கோ பக்கத்து ஆட்கள் பழங்காலத்தில் எங்கள் அம்மி மாதிரி ஒரு கல்லில் முழங்காலில் இருந்து அரைத்தார்களாம், அம்மா அதைக் கேட்டுவிட்டு நானும் அம்மியில் ஒருக்கா பார்க்கிறேன் என்று ஒரு கைப்பிடி அரைத்தார், வந்த வாசம் வளவு முழுக்க நின்றது.

ஒரு காயில் 30, 40 கொட்டை. 100 கிராம் பார் ஒன்றுக்கு, 70 வீதம் கொக்கோ என்றால், இரண்டு மூன்று காய் வேண்டும். அதைத் தெரிந்தபிறகு நான் சொக்லேட்டைக் கடித்து விழுங்குவதில்லை. நிலா அக்கா, உங்களுக்கு 24 பாருக்கு இந்த வழி வேண்டாம், வாங்கிய கட்டியில் செய்யுங்கள். ஆனால் பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது கொக்கோ மரத்தைத் தேடிக் காட்டுங்கள்.

வெள்ளவத்தை நிலா | டிசம்பர் 4, காலை 7.30

அருமையாக இருக்கிறது தம்பி. உள்ளே என்ன போடலாம் என்று பிள்ளைகளுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஒருத்தி கித்துள் பாணி வேண்டும் என்கிறாள், மருமகனுக்கு மாஷ்மெலோ.

மாவும் முட்டையும் | டிசம்பர் 4, காலை 9.10

பாணி வேண்டவே வேண்டாம் அக்கா, நான் பட்டு அறிந்தவன். இரண்டு கரண்டி கித்துள் பாணியை உருகிய சொக்லேட்டில் விட்டேன், கண் முன்னால் களிமண்ணாகத் திரண்டது. அதில் இருக்கிற தண்ணீர்தான் காரணம். பிறகு சூடான பாலை ஊற்றிக் கரைத்து, குழம்பாக்கி, ஐஸ்கிரீமுக்கு மேல் விட்டுச் சாப்பிட்டோம், வீணாகவில்லை. வனிலா எசன்சும் தண்ணீர் கலந்ததென்றால் இதே கதைதான். பால் டொஃபிக்குப் போடுகிற கலரும் கூடாது, எண்ணெயில் கரைகிற கலர் வேண்டும்.

பனங்கட்டியை நொறுக்கிப் போடலாமா என்று கேட்பீர்கள், அதுவும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரண்டு நாளில் கசியும். காய்ந்த சாமான் எல்லாம் சரி. கஜு, கச்சான், எள்ளு, எல்லாவற்றையும் வறுத்து நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள், சூட்டோடு போட்டால் டெம்பர் குலைந்துவிடும். தேங்காய்ப்பூ என்றால் பைக்கற்றில் வருகிற காய்ந்தது மட்டும், பச்சைத் தேங்காய் இரண்டாம் நாளே மணக்கும். சீனியில் போட்ட இஞ்சியைக் குட்டியாக வெட்டிப் போட்டால் டார்க் சொக்லேட்டோடு அபாரமாக இருக்கும்.

முதல் பதிவில் கொம்பவுண்ட் என்று சொன்னேன், தெஹிவளை அண்ணா எழுதியதை வாசித்தபிறகு நேற்று இரவு கால் கிலோவில் முயன்று பார்த்தேன். கத்தி நுனி ஆறு நிமிடத்தில் பளிச்சென்று காய்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கொட்டாஞ்சேனை அன்ரி | டிசம்பர் 4, காலை 10.22

எங்கள் கறுவாவை விட்டுவிட்டீர்களே. இலங்கைக் கறுவாவை அம்மியில் பொடித்து, துணியில் சலித்து, ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி. மேலே கல் உப்பை விரலால் நொறுக்கிச் சில பரல், ஊற்றி ஓரம் மங்குகிற நேரத்தில் தூவ வேண்டும், முந்தித் தூவினால் உள்ளே தாழ்ந்துவிடும்.

மாஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்கிறது பிள்ளை. எதிர் வீட்டு முஸ்லிம் ஆட்களுக்கும் சைவக்காரருக்கும் கொடுக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். கேக்குக்கு விடுகிற மாதிரி ரம், பிராந்தி எசன்சும் வேண்டாம். கச்சான், கஜு போட்டிருந்தால் பேப்பரில் பெரிதாக எழுத வேண்டும், எங்கள் மூத்த மகளின் சின்னவனுக்குக் கச்சான் ஒத்துவராது, ஒரு துண்டு தின்று இரவோடிரவாக ஆசுபத்திரிக்கு ஓடினோம். கச்சான் போடுகிற அச்சைக் கடைசியாக ஊற்றுங்கள், அகப்பையும் வேறாக இருக்கட்டும்.

வெள்ளவத்தை நிலா | டிசம்பர் 14, மாலை 6.20

புறக்கோட்டைக்குப் போய்வந்தோம். மூன்று அச்சு, ஒவ்வொன்றிலும் நான்கு பார், ஒரு பார் 80 கிராம். ஒரு கிலோவில் 12 வரும், அப்படியென்றால் இரண்டு தடவை. தங்க நிற ஃபொயில் தாள் கட்டாக வாங்கினோம். மகளுக்கு மேலே சுற்றுகிற தாளைத் தானே வரைய வேண்டுமாம், 11 வீட்டுக்கும் 11 படம், அந்தந்த வீட்டுக் கதவு.

மாத்தளை மிளகுக்கொடி | டிசம்பர் 14, இரவு 7.45

சுற்றும்போது பருத்திக் கையுறை போடச் சொல்லுங்கள், பிள்ளைகளின் விரல் சூடு மினுக்கத்தில் அப்படியே பதியும். காற்றுப் புகாத பெட்டியில் ஏசி அறையில் வைத்தால் நத்தார் வரை தாங்கும். வேறு இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் விடியவோ இரவிலோ, மதியத்தில் ஓட்டோவிலோ பூட்டிய காரிலோ பத்து நிமிடம் வைத்தாலும் போச்சு.

வெள்ளவத்தை நிலா | டிசம்பர் 26, காலை 11.05

சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

20ஆம் திகதி விடிய நாலேகாலுக்கு எழும்பினோம். பிள்ளைகளை எழுப்பத் தேவை இருக்கவில்லை, மூன்று பேரும் சட்டை மாற்றி இருந்தார்கள். அம்மா கேக்கே போதும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், சீவுகிற சத்தம் கேட்டு வந்து, இப்படியா சீவுவது என்று கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முதல் கிலோ சொன்ன மாதிரியே வந்தது. 33, 32, 31.8 என்று மருமகன் வாசித்தான். கத்தி நுனி நாலரை நிமிடம். இரண்டாவது கிலோவில் ஒரு போன் வந்து நான் திரும்பிய நேரத்தில் கிண்ணம் இன்னும் சூடான சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, பார்த்தால் 36. அண்ணா சொன்னது ஞாபகம் வர, அம்மா இன்னொரு 100 கிராம் சீவித் தந்தார், திரும்ப இறக்கினோம். வெளியே வெளித்துவிட்டது, ஆனால் பிடித்துவிட்டது.

அச்சைக் கவிழ்த்தபோது அந்தக் கலகலச் சத்தம். சின்னவள் கையைத் தட்டவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

24இல் ஒன்றை முறித்துப் பார்க்க எடுத்தோம். வீட்டுக்கு இரண்டாக 22 போனது, ஒன்று கறுவா, ஒன்று கஜு. கீழ் வீட்டு அன்ரிக்கு மகளே கொண்டுபோனாள். அவர் உறையைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து முறித்தாராம். மகள் மேலே ஓடி வந்து அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினாள். நேற்று அன்ரியின் தட்டில் ரிச் கேக் வந்தது, கூடவே உறைத்தாளில் இருந்த கதவுப் படத்தை வெட்டித் தன் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டியிருப்பதாகச் செய்தி. ஜனவரியில் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அச்சை இரவல் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அண்ணா, அச்சை எப்படிக் கழுவிக் கொடுப்பது? சவர்க்காரம் போடலாமா?

தெஹிவளை அப்பா | டிசம்பர் 26, மதியம் 12.10

மகளுக்கு எங்கள் வீட்டு ஆட்கள் நாலு பேரின் வாழ்த்தும். சூடு குறைந்த தண்ணீரில் ஊறவிட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும், சவர்க்காரம் வேண்டுமென்றால் ஒரு துளி. பிரஷ், கம்பிச் சுருள் எதுவும் வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு பாரிலும் அது தெரியும். முற்றாகக் காயவிட்டுப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சையும் கொஞ்சம் கூடவே கொடுத்துவிடுங்கள். தெர்மோமீட்டரையும் கொடுங்கள்.